வீட்டை அடகு வைக்கும் முன் பெர்மாத்தாங் பாவு போலிடெக்னிக்குக்கு ஒருமுறை போய் வாருங்கள்

மகளை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகளுக்கு ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், இயற்பியல் ஏ. உயிரியல், வேதியியல் பி. "நம்ம குடும்பத்துல ஒரு டாக்டர் வேணாமா?" என்று மாமா விடாமல் கேட்கிறார். கல்விக் கண்காட்சியில் ஒரு முகவர், முன்பணம் கட்டினால் தனியார் கல்லூரியில் மருத்துவத்துக்கு முந்தைய ஃபவுண்டேஷன் படிப்புக்கு இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டை அடகு வைக்கத் தயார். மகளோ பழுதான ரைஸ் குக்கரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். தாயார் இதைக் குறையாகத்தான் எழுதியிருக்கிறார்.

அம்மா, அந்த ரைஸ் குக்கரை நான் மாமாவின் பேச்சைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். உயிரியலில் பி வாங்கினால் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். தனியார் மருத்துவக் கல்லூரியில் ஐந்தாண்டுக்கு 3 முதல் 5 லட்சம் ரிங்கிட் வரை ஆகும். படித்து முடித்தாலும் 2016 டிசம்பரிலிருந்து அரசு மருத்துவமனைகளில் புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். நிரந்தரப் பதவி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. பிள்ளைக்கு ஆசையே இல்லாத ஒரு படிப்புக்கு வீட்டையும் சேமநிதியையும் வைத்துப் பணயம் கட்டாதீர்கள். முன்பணம் கட்டாதீர்கள். ஒரு கல்லூரியின் ஃபவுண்டேஷனை இன்னொரு பல்கலைக்கழகம் ஏற்காமல் போகலாம் என்பதை முகவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

பட்டப்படிப்புக்கு முந்தைய மெட்ரிகுலேஷன், படிவம் ஆறு பற்றிப் பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். இரண்டுக்கும் விண்ணப்பிக்கட்டும். யாரும் உங்களிடம் பேசாத இடம் அரசின் தொழில்நுட்பக் கல்லூரியான போலிடெக்னிக். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பெர்மாத்தாங் பாவில், செபராங் பிறை போலிடெக்னிக் இருக்கிறது. எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், வணிகம் எல்லாம் உண்டு. டிப்ளோமா ஆறு செமஸ்டர். கட்டணம் செமஸ்டருக்குச் சுமார் 200 ரிங்கிட். வீட்டிலிருந்து போய் வந்தால் விடுதிச் செலவும் இல்லை. அதனால் அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் கிடைக்கிறது என்பதற்காகவே முழுத் தொகையையும் எடுக்க வேண்டாம். கடன் கடன்தான், ஒரு நாள் திருப்பிக் கட்ட வேண்டும்.

சேர எஸ்.பி.எம்.மில் கணிதத்தில் கிரெடிட் (குறைந்தது சி), மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சி தேவை. பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை, எலக்ட்ரிக்கல் பிரிவுக்கு நிறக்குருடு இருக்கக்கூடாது என்பது. ஆய்வுக்கூடத்தில் முதலில் கையில் எடுப்பதே ரெசிஸ்டர். அதில் பழுப்பு, கறுப்பு, சிவப்புக் கோடு இருந்தால் ஆயிரம் ஓம். சிவப்பு இருந்த இடத்தில் பச்சை இருந்தால் பத்து லட்சம் ஓம். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறவர் அங்கே திணறிப் போவார். பெண் பிள்ளைகளுக்கு இது அபூர்வம். வீட்டில் தம்பி இருந்தால் அவன் விண்ணப்பிக்கும் முன் கண்ணாடிக் கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

ஆறு செமஸ்டரில் ஒன்று முழுக்கத் தொழிற்பயிற்சி, சுமார் 20 வாரம். பாதிப் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். கடைசி நேரத்தில் தேடி, தெரிந்தவர் கடையில் போட்டோஸ்டேட் எடுத்துக்கொண்டே பயிற்சியை முடித்துவிடுகிறார்கள். முந்தைய செமஸ்டரிலேயே பிறை, பாயான் லெப்பாஸ், கூலிம் தொழிற்சாலைகளுக்கு எழுதிப் போடச் சொல்லுங்கள். "பொம்பளப் பிள்ளைக்கு ஃபேக்டரி வேலையா?" என்று மாமா கேட்பார். பாயான் லெப்பாஸில் 1972இலிருந்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே சோதனைக் கருவிகளை இயக்கிப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள்.

பட்டப்படிப்பு வேண்டுமென்றால் டிப்ளோமாவோடு யுனிமாப், யுடெம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம். டிப்ளோமாவின் சராசரிப் புள்ளி 3.00க்குக் கீழே இறங்கினால் போட்டியில் பின்தங்குவாள். எம்.யு.இ.டி. ஆங்கிலத் தேர்வையும் டிப்ளோமா முடியும் முன்பே எழுதி வைக்கட்டும். பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரை முழுதாகப் படியுங்கள்: 'பொறியியல்' வேறு, 'பொறியியல் தொழில்நுட்பம்' வேறு. நாளை நிபுணத்துவப் பொறியாளராகப் பதிய வேண்டுமென்றால் பொறியியல் அங்கீகார மன்றமான இ.ஏ.சி.யின் அங்கீகாரம் உள்ள பொறியியல் பட்டம் வேண்டும். இரண்டும் நல்ல படிப்புதான், ஆனால் பதிவு செய்கிற வழி ஒன்றல்ல.

இனி யு.பி.யு., அதாவது போலிடெக்னிக், அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது இணைய விண்ணப்பம். 12 இடங்கள் வரை வரிசையாகப் போடலாம். அவள் உண்மையிலேயே விரும்புவது முதலில் வரட்டும், மாமா விரும்புவது அல்ல. நேர்காணல் என்று குறியிட்ட படிப்பைத் தேர்ந்தெடுத்தால் தேதியைத் தவறவிடாதீர்கள், போகாவிட்டால் அந்தத் தேர்வு போனதுதான். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு. ஆனால் அது திறந்திருப்பது சில நாள்களே. இணையக் கடையில் யாரோ நிரப்பிக் கொடுத்து, கடைக்காரர் மின்னஞ்சலையே போட்டுவிட்டதால் அழைப்பு வந்தது தெரியாமல் போன பிள்ளைகள் உண்டு. மின்னஞ்சல், கைப்பேசி எண், கடவுச்சொல் மூன்றும் மகளுடையதாக இருக்கட்டும், படிவத்தையும் அவளே நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அடையாள அட்டை எண்ணை மட்டும் இரண்டு முறை சரிபாருங்கள்.