மழைக்குப் பின் வரும் சிவப்பு வெல்வெட் பூச்சி எங்கே இருந்து வருகிறது?

முதல் மழை ஓய்ந்ததும் தரையில் ஊர்கிற தம்பலப்பூச்சியைத்தான் கேட்கிறீர்கள். அது வானத்திலிருந்து விழுவதில்லை, மண்ணுக்குள்ளிருந்து வருகிறது. உண்மையில் அது பூச்சியே அல்ல, சிலந்திக்கு உறவான உண்ணி வகை. இந்தியாவில் காணப்படும் பெரிய இனத்தின் பெயர் டிராம்பிடியம் கிராண்டிசிமம். சங்கப் பாடல்களில் வரும் 'மூதாய்' இதுதான்.

உடல் முழுக்க அடர்ந்த சிவப்பு முடி. அதனால்தான் அந்தப் பட்டு மினுமினுப்பு. கால்கள் எட்டு. முன்னங்கால்களை நீட்டித் தடவிப் பார்த்தே வழி அறிகிறது.

இதன் வளர்ச்சிதான் எனக்குப் பெரிய வியப்பு. மண்ணில் இடும் முட்டையிலிருந்து வரும் இளம் உயிருக்கு ஆறே கால்கள். அது வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். அப்புறம் மண்ணில் இறங்கி, அசையாமல் ஓர் உறக்கம். விழிக்கும்போது கால்கள் எட்டு! வேட்டையாடி வளர்ந்து, இன்னொரு உறக்கம் கழிந்தபின்தான் முழு வளர்ச்சி. பூச்சி முட்டைகள், கறையான் போன்றவையே இரை.

சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் பக்கம் நாட்டு மருந்துக்காக இவற்றைப் பிடித்து விற்கிறார்கள். வருடத்தில் சில நாட்களே வெளியே வரும் உயிர் இது. தயவுசெய்து டப்பாவில் அடைக்காதீர்கள். பார்த்துவிட்டு அப்படியே மண்ணில் விட்டுவிடுங்கள்.