நிவாரணப் பணி படிக்க வேண்டும் என்கிறாள் மகள்: கையில் முதலில் ஒரு தொழில் இருக்கட்டும்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

மகள் பிளஸ் டூவில் உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப் படிக்கிறாள், நர்சிங்கோ இன்ஜினீயரிங்கோ சேர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தோம், அவளோ பேரிடர் நடந்த இடத்தில் மக்களுக்கு உதவும் வேலைக்குத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது அவள் சின்னப் பிள்ளை. அதைப் பார்த்து வளர்ந்த டெல்டாப் பிள்ளைகளுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அப்படி ஒரு படிப்பு உண்டா, வேலை கிடைக்குமா, பெண்பிள்ளைக்குச் சரிப்படுமா என்ற உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது.

படிப்பு உண்டு, வேலையும் உண்டு. ஆனால் இளங்கலையிலேயே பேரிடர் மேலாண்மை, மனிதநேய உதவி என்ற பெயரில் பட்டம் வாங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. களத்துக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் தண்ணீர்–கழிப்பறைப் பொறியாளர், செவிலியர், சமூகப் பணியாளர், கணக்காளர், பொருள் கிடங்குப் பொறுப்பாளர், தகவல் ஆய்வாளர் என்று தொழிலைச் சொல்லித்தான் எடுக்கின்றன. ‘நிவாரணம் படித்தவர் தேவை’ என்று விளம்பரம் வருவது மிக அரிது. ஆகவே ஒரு தொழில் கைவசம் இருக்க வேண்டும், நிவாரணப் படிப்பு அதன்மேல் ஏற வேண்டும்.

இந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். ஒரு கணக்கைப் பார்த்தால் விளங்கிவிடும். உலகம் முழுக்க நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் கையேடு என்று ஒன்று உண்டு. இப்போது புழக்கத்தில் இருப்பது 2018 பதிப்பு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 400 பேரைத் தங்கவைக்கிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்றால் 6,000 லிட்டர் வேண்டும். 250 பேருக்கு ஒரு குழாய், அதனால் இரண்டு குழாய். ஆரம்ப நாட்களில் 50 பேருக்கு ஒரு கழிப்பறை என்று எட்டு, பிறகு 20 பேருக்கு ஒன்று என்று இருபதாக உயர்த்த வேண்டும். அதில் பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதம். எட்டில் ஆறு பெண்களுக்குப் போக வேண்டும். ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர் தரை என்றால் 1,400 சதுர மீட்டர். இருபதடிக்கு இருபதடி வகுப்பறை ஏறத்தாழ 37 சதுர மீட்டர்தான், பத்துப் பேருக்குத்தான் போதும். 400 பேருக்கு நாற்பது அறை எந்தக் கிராமத்துப் பள்ளியில் இருக்கிறது?

இந்த இடத்தில்தான் படிப்பு வேலை செய்கிறது. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைக்காரர்களையும் எந்த அறையில் வைப்பது, பக்கத்துக் கல்யாண மண்டபத்தைத் திறக்கச் சொல்லி யாரிடம் பேசுவது, கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரிகிறதா, கரண்ட் போய் மோட்டார் ஓடாதபோது மேல்நிலைத் தொட்டியை நிரப்ப ஜெனரேட்டர் எங்கிருந்து வரும், லாரியில் வந்த தண்ணீரில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று வரிசையாக யோசிக்கப் பழக்குவதுதான் பயிற்சி. கஜாவில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஜெனரேட்டர் கேள்வியின் எடை தெரியும்.

இன்னொரு பாதி, மனிதர்களைப் பற்றியது. இது எண்களைவிடக் கடினம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் அதிக உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். உதவி குவிந்தது, ஆனால் தேவைப்படாததும் சேர்ந்து குவிந்தது. யாரும் உடுத்தாத பழைய துணிகள் தெருவோரம் மலையாகக் கிடந்தன. தார் ஷீட்டு போட்டுக் கட்டிய தற்காலிகக் குடியிருப்புகளில் வெயில் காலத்தில் உட்கார முடியவில்லை. மீனவ ஊர்களில் பஞ்சாயத்தார் தலைக்கட்டுக் கணக்கில், அதாவது ஊர் வரி கட்டும் குடும்பக் கணக்கில், பொருளைப் பகிர்ந்தபோது, தலைக்கட்டு வரி கட்டாத கைம்பெண் குடும்பங்கள் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றன. வயற்காட்டுப் பக்கமும் இதே சிக்கல்தான். பயிர்ச் சேத நிவாரணம் பட்டாவையும், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலையும் பார்த்துக் கொடுக்கப்படும்போது, வாய்மொழிக் குத்தகைக்கு உழுதவருக்கும் கூலிக்கு நடவு நட்டவருக்கும் கையில் காட்ட ஒரு தாள் இல்லை. பட்டியல் எடுக்கப் போகும் ஆள் யாரைக் கேட்காமல் வந்தோம் என்று திரும்பிப் பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நல்ல சமூகப் பணிப் படிப்பு அதைத்தான் கற்றுத்தருகிறது. அத்தனை தொண்டு நிறுவனங்களும் ஒரே ஊரில் போய் நிற்காமலிருக்க, சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையம் ஒன்று அரசு நிர்வாகத்தோடு சேர்ந்து இயங்கியது. உங்கள் மகள் இந்தத் துறையில் படிக்கும் பல பாடங்களுக்கு அந்த மாவட்டமே உதாரணமாக வரும்.

இனி, எந்தக் கல்லூரி என்பதற்கு வருவோம்.

அவளுடைய குரூப்புக்கு பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு நல்ல வழி. முகாமில் முதலில் தேடப்படுபவர் செவிலியர், இந்தத் துறை கைகொடுக்காவிட்டாலும் அந்தத் தொழில் சோறு போடும். கணிதத்தில் விருப்பம் இருந்தால் சிவில் இன்ஜினீயரிங். தண்ணீர், வடிகால், தற்காலிக வீடு எல்லாம் அதில்தான் வரும். வேளாண்மையையும் மறந்துவிடாதீர்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் கஜாவில் விழுந்த தென்னைக்குப் பதில் வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும், அதுவரை அந்தக் குடும்பம் எதைக் கொண்டு வாழும் என்று திட்டம் போடுவதும் நிவாரணப் பணியே. கடலோர வாழ்வாதாரம் என்றால் நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பி.காம். படித்த பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். நிதிக்கணக்கும் கொள்முதலும் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் எப்போதும் தட்டுப்பாடு.

முதுகலைக்கு இரண்டு பாதை. ஒன்று எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலை. நீலக்குடியில் இருக்கும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியிலும் உண்டு. வீட்டிலிருந்து தொலைவு இல்லை. வகுப்போடு வாரத்தில் இரண்டு நாள் களப்பணி இருக்கும், அதை எங்கே செய்கிறாள் என்பதே முக்கியம். கலெக்டர் அலுவலகப் பேரிடர் பிரிவு, ஒரு தொண்டு நிறுவனம், திருச்சி கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் போன்ற இடங்களைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் கல்லூரிக்குப் பக்கத்தில் வசதியான ஏதோ ஒரு இடம்தான் கிடைக்கும். இரண்டாவது பாதை, பேரிடர் மேலாண்மை முதுகலை. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் அதற்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அந்தமானில் உள்ள தன் வளாகத்தில் நடத்துகிறது. இவற்றுக்கும் திருவாரூருக்கும் சேர்க்கை, க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வின் முதுகலைப் பிரிவு வழியாக. விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடிந்துவிடும். பட்டத் தேர்வு முடிந்தபிறகு பார்க்கலாம் என்று ஏப்ரலில் விசாரித்து ஒரு வருஷத்தை இழக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். இறுதியாண்டு நவம்பரிலேயே அதை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் அறிவிப்பைப் பார்க்கத் தொடங்க வேண்டும். வேலையில் இருந்துகொண்டே படிப்பவர்களுக்கு இக்னோவின் பேரிடர் மேலாண்மை முதுநிலைப் பட்டயம் இருக்கிறது.

பட்டத்துக்குக் காத்திராமல் இப்போதே செய்யக்கூடியவைதான் உண்மையில் அவளை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்தும். கல்லூரியில் சேர்ந்ததும் என்.எஸ்.எஸ். இரண்டு ஆண்டில் 240 மணி நேரமும் ஏழு நாள் சிறப்பு முகாமும் முடித்துச் சான்றிதழ் வாங்கட்டும். பதினெட்டு வயது நிறைந்தால் பேரிடரில் உதவ அரசு நடத்தும் ஆப்த மித்ரா தன்னார்வலர் பயிற்சிக்குத் தகுதி வந்துவிடும். அறிவிப்பு வரும்போது மாவட்ட நிர்வாகம் மூலம் பதிய வேண்டும். செஞ்சிலுவைச் சங்கத்திலோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ முதலுதவி கற்கட்டும். இணையத்தில் காயா, டிசாஸ்டர்ரெடி என்ற இரு தளங்கள் இலவசமாகப் பாடம் நடத்திச் சான்றிதழும் தருகின்றன. தேசிய பேரிடர் மேலாண்மை நிறுவனமும் இணையவழிப் பயிற்சி நடத்துகிறது. ஆனால் சான்றிதழ் சேர்ப்பதே வேலையாகிவிடக் கூடாது. நாற்பது சான்றிதழை அடுக்கிவைத்துவிட்டு, ஒரு வீட்டுக் கணக்கெடுப்புப் படிவம் தயாரிக்கச் சொன்னால் திகைப்பவர்களை நேர்காணலில் உடனே ஓரம் கட்டிவிடுவார்கள். ஸ்பியர், முதலுதவி, பாலியல் சுரண்டல் தடுப்பு, பாதுகாப்பு ஆகிய நான்கில் ஒவ்வொன்று போதும். மிச்ச நேரத்தில் கோபோ டூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்புச் செயலியில் படிவம் அமைக்கவும், க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தன் ஊர் வடிகால் வாய்க்கால்களை வரைபடமாக்கவும் கற்கட்டும். இரண்டுமே காசில்லாமல் கிடைப்பவை. ஒரு ஊராட்சியில் மழைக்காலத்தில் எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று நூறு வீட்டில் கேட்டு, இரண்டு பக்க ஆங்கில அறிக்கையாக எழுதிக் காட்டினால் அது எந்தச் சான்றிதழையும்விடப் பேசும்.

இதோடு நீச்சல், இருசக்கர வாகன லைசென்ஸ், பாஸ்போர்ட். ஆற்றுப் பாசனப் பகுதியில் பிறந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். இந்த வேலைக்கு அது பெரிய குறை. வெள்ளத்தில் இறங்குவதற்காக இதைச் சொல்லவில்லை, மீட்புக்குத் தனிப் படைகள் இருக்கின்றன. தவறி விழுந்தால் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

வெளிநாட்டுப் படிப்பு பற்றி. ஜெனீவாவிலும் மான்செஸ்டரிலும் நல்ல முதுகலைகள் இருக்கின்றன. நோஹா என்ற ஐரோப்பியப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு மனிதநேயச் செயல்பாட்டில் கூட்டுப் பட்டம் தருகிறது. பட்டம் முடித்த கையோடு நிலத்தை விற்றோ அடகு வைத்தோ அனுப்பாதீர்கள். சர்வதேச வேலைகளில் பெரும்பாலானவை குறைந்தது இரண்டு ஆண்டு கள அனுபவம் கேட்கும். அனுபவமில்லாமல் பட்டத்தோடு திரும்பும் பிள்ளைக்கு அங்கேயும் வேலையில்லை, இங்கே கடன் மட்டும் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டு பிரிட்டன் அரசின் செவனிங் போன்ற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அதுவும் இரண்டு ஆண்டு அனுபவத்தைக் கேட்கிறது, படித்தபின் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது.

வேலை நிலைமையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்து, ஜூலை 1-ல் யு.எஸ்.எய்ட் அமைப்பையே மூடியது. உலகெங்கும் அனுபவசாலிகள் பலர் வேலை இழந்து அதே சந்தையில் நிற்கிறார்கள். இந்தியாவில் 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. வெளிநாட்டுப் பணத்தை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்குக் கைமாற்றவும் தடை வந்தது. சிறிய அமைப்புகள் ஆட்களைக் குறைத்தன. வேலைகள் பெரும்பாலும் திட்டக் காலத்துக்கான ஒப்பந்தம், பதினோரு மாதம் என்று எழுதிக்கொடுப்பார்கள். கையில் தொழில் வேண்டும் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுவே. நர்சிங் தெரிந்தவளுக்கு ஒப்பந்தம் முடிந்த மறுமாதம் மருத்துவமனை இருக்கிறது.

ஐ.நா.வில் வேலை வாங்கித் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று யார் வந்தாலும் அது மோசடி. ஐ.நா. விண்ணப்பத்துக்கோ நேர்காணலுக்கோ பயிற்சிக்கோ ஒரு பைசா வாங்குவதில்லை. கடன் வேண்டுமானால் வித்யாலட்சுமி தளம் வழியாக வங்கியில் கேளுங்கள். இந்தியாவில் படிக்க ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்க வழி இருக்கிறது.

பெண்பிள்ளைக்குச் சரிப்படுமா என்ற கேள்விக்கு வருகிறோம். முகாமில் பாதிப்பேர் பெண்கள். நாப்கின் போதவில்லை என்றோ குடித்துவிட்டு வந்து தொந்தரவு செய்கிறான் என்றோ ஆண் அலுவலரிடம் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? பெண் பணியாளர் இல்லாத முகாமில் இந்தக் குறைகள் வெளியே வருவதே இல்லை. உங்கள் பயமும் நியாயமானது. அதைக் கேள்விகளாக மாற்றிக்கொள்ளுங்கள். வேலைக்கோ களப்பணிக்கோ சேரும் முன் பாலியல் தொந்தரவுப் புகாரை விசாரிக்கும் உள் புகார்க் குழு இருக்கிறதா, அதன் தலைவர் யார், கிராமத்திலிருந்து மாலை எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், வண்டி யார் தருவது, தனியாக அனுப்புவார்களா, விபத்துக் காப்பீடு உண்டா என்று மகளே கேட்கட்டும். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு கட்டாயம். தயங்கிப் பதில் சொல்லும் இடத்தில் சேர வேண்டாம்.

இந்த வாரம் அவளிடம் ஸ்பியர் கையேட்டில் தண்ணீர், கழிப்பறை பற்றிய அத்தியாயத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அவள் படிக்கும் பள்ளியையே 300 பேருக்கான முகாமாக மாற்றினால் என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதட்டும். கட்டடப் பக்கம் மனம் போகிறதா, நோயாளிகள் பக்கமா, பட்டியலும் கணக்கும் பக்கமா என்று அந்தத் தாளைப் பார்த்தால் தெரியும். அதை எங்களுக்கு அனுப்புங்கள். எந்த இளங்கலைக்கு விண்ணப்பிப்பது என்பதை அதை வைத்து முடிவு செய்வோம்.