பக்கத்துக் காணியில் தண்ணீர், நம் காணியில் தூள்

அன்புள்ள ஐயா,

வவுணதீவுப் பக்கம் எனக்கு ஒரு காணி இருக்கிறது. போன மாதம் குழாய்க்கிணறு அடித்தோம். 240 அடி போயும் வெறும் கல்தூள்தான். வேலிக்கு அந்தப் பக்கம் மச்சானின் காணியில் 90 அடியிலேயே நல்ல தண்ணீர். கல் எல்லாம் ஒரே கல்தானே? அடித்தவர் "உங்கள் இடத்தில் வெடிப்பு இல்லை" என்றார். வெடிப்பு இருந்தால் தண்ணீர் வருமென்றால், அதே வெடிப்பால் நில அதிர்வும் வருமா? மகா ஓயா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கீழே எரிமலை இருக்கிறது என்று இங்கே சொல்கிறார்கள். அதையும் எழுதினால் நல்லது.

வாசகர், வவுணதீவு

அன்புள்ள நண்பருக்கு,

கல் ஒரே கல்தான். படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) எங்கே தோண்டினாலும் கடைசியில் முட்டுவது நைஸ் பாறை, சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய வரிவரியான கல். இலங்கையின் கிழக்குப் பாகத்துப் பாறைகளைப் புவியியலாளர்கள் விஜயன் தொகுதி என்பார்கள். கற்குவாரியில் புதிதாக உடைத்த துண்டொன்றை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது பெல்ஸ்பார், மங்கிய கண்ணாடிபோல் தெரிவது குவாட்ஸ், கறுப்பு வரிகள் பயோடைட் மைக்காவும் ஹோர்ன்பிளெண்டும். மணிகள் இறுகப் பின்னிக் கிடக்கும். இடைவெளி பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் தண்ணீர் எங்கே நிற்பது?

மழைநீர் இறங்கத் தொடங்கிய பிறகுதான் காணிக்குக் காணி வித்தியாசம் வருகிறது. குவாட்ஸ் அப்படியே இருக்கும். பெல்ஸ்பார் மெல்ல மெல்ல வெள்ளைக் களியாகும். பயோடைட் நீரை உள்வாங்கி ஊதி, தங்க நிறச் செதிலாக மாறும்போது சுற்றியுள்ள கல்லை நெம்பி உடைக்கும். இப்படி உக்கிய பகுதியின் மேல்பாகம் களி நிறைந்தது. அதில் தண்ணீர் நிறைய இருக்கும், ஆனால் கிணற்றுக்கு விடாது. களியின் துளைகள் அவ்வளவு நுண்ணியவை. அந்தக் களிப் பகுதிக்கும் கீழே உள்ள இறுகிய கல்லுக்கும் நடுவே, உடைந்தும் இன்னும் களியாகாத ஓர் அடுக்கு இருக்கிறதே, தண்ணீர் தாராளமாக ஓடுவது அங்கேதான். மச்சானின் 90 அடி அந்த அடுக்கில் விழுந்திருக்க வேண்டும். உங்கள் பக்கம் கறுப்பு வரி குறைந்த கல்லாக இருந்தால் உக்கல் குறைவாகி அந்த அடுக்கு மெலிந்திருக்கலாம், அல்லது அதிலுள்ள வெடிப்புகளைக் களி அடைத்திருக்கலாம்.

ஆழம் போகப் போக மேலுள்ள பாரம் வெடிப்புகளை நெருக்கி மூடும். அதனால் அந்த அடுக்கைத் தாண்டிய பிறகு கிடைக்கும் வாய்ப்பு பொதுவாகக் குறைந்துகொண்டே போகும். அடிக்கணக்கில் காசு வாங்குகிறவர் "இன்னும் கொஞ்சம் போவோம்" என்பதில் ஆச்சரியமில்லை. மேலே வரும் தூளைப் பாருங்கள். சாம்பல் வெள்ளையாக, மாவாக வந்தால் அது தண்ணீர் படாத கல். துருநிறக் கறை படிந்த சில்லுகள் வந்தால் அந்த இடத்தில் தண்ணீர் நடமாடியிருக்கிறது என்று அர்த்தம், இரும்புள்ள கனிமங்கள் துருப்பிடித்த அடையாளம் அது. பத்து அடிக்கு ஒரு பிடி எடுத்து, ஆழம் எழுதிப் பையில் போட்டு வையுங்கள்.

அடுத்த முறை தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரை விட்டுவிட்டு மின்தடை அளவீடு (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அது எவ்வளவு தடைப்படுகிறது என்று பார்ப்பது) செய்யலாம். ஆனால் அதுவும் ஏமாற்றும். ஈரக்களியும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் தண்ணீர் உள்ள வெடிப்பு மாதிரியே காட்டும். படத்தை வாசிக்கிறவர் உள்ளூர்க் கல்லை அறிந்தவராக இருக்க வேண்டும்.

மகா ஓயாவுக்கு வருவோம். எரிமலை கிடையாது. மழைநீர் வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, ஆறிப்போகும் முன் வேறு வெடிப்பால் விரைந்து ஏறி வருகிறது. பூமியின் உள்ளே ஒரு கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் கூடுவது பொதுவான கணக்கு. 50 பாகைக்கு மேல் சூடான தண்ணீருக்கு அதுவே போதும். அங்கே அடுத்தடுத்த கேணிகளில் வேறு வேறு சூடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொன்றுக்கும் வழி தனி. விஜயன் தொகுதியும் மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டித்தான் நம் வெந்நீர் ஊற்றுகள் பல இருக்கின்றன. சூடான நீர் குவாட்ஸைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வரும், ஆறும்போது அதையே வெடிப்பில் படியவிட்டு வழியை அடைக்கும். குவாரிச் சுவரில் கறுப்புக் கல்லைக் குறுக்கே வெட்டி ஓடும் வெள்ளைக் குவாட்ஸ் கோடுகளில் பல, இப்படி என்றோ மூடிப்போன நீர்வழிகள்.

சரி, நில அதிர்வு. வெடிப்பு எல்லாம் ஆபத்தல்ல. இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்திருந்தால்தான் அது பிளவுப்பெயர்ச்சி. அதுவும் அதிர, பாறை நெருக்கப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இலங்கை, பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றான இந்தியத் தட்டின் விளிம்பில் இல்லாமல் நடுவில் இருப்பதால் நமக்கு வருபவை சிறியவை. 2023 பெப்ரவரி 10இல் புத்தல, வெல்லவாயப் பக்கம் உணரப்பட்டது 3.0 அளவுதான். உங்கள் கிணற்றுக்கு இதில் பங்கில்லை.

2004 சுனாமியில் நம்மைக் கொன்றது தொலைவில், சுமாத்திராவில் இருந்த பிளவு. அங்கேயும் கனிமம்தான் கதை. பெரும்பாலான பாறைகளின் உராய்வுக் குணகம் (உரசும்போது எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு) 0.6க்கும் 0.85க்கும் இடையில். நீரை உறிஞ்சி ஊதும் ஸ்மெக்டைட் வகைக் களி ஈரமானால் 0.2க்கும் கீழே இறங்கிவிடும், பாசி பிடித்த கிணற்றுக்கட்டு மாதிரி. கலிபோர்னியாவில் சான் அன்ட்ரியாஸ் பிளவின் ஒரு பகுதி பெரிய அதிர்வு இல்லாமல் சத்தமின்றி நகர்ந்துகொண்டிருக்கிறது. 2007இல் ஏறத்தாழ 2.7 கிலோமீற்றர் ஆழத்திலிருந்து எடுத்த மாதிரியில் சப்போனைட் என்ற இந்த வகைக் களிதான் இருந்தது. அப்படியென்றால் களி நல்லதா? ஜப்பானைக் கேளுங்கள். 2011 அதிர்வில் கடலடிப் பிளவு ஏறத்தாழ 50 மீற்றர் நழுவியது. அடுத்த வருடம் சிக்யூ என்ற ஆய்வுக் கப்பல் அங்கே துளையிட்டபோது கிடைத்தது 5 மீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள ஸ்மெக்டைட் களி. வேகமாக உரசும்போது களிக்குள் சிக்கிய நீர் சூடாகி அழுத்தம் கூடும், கூடினால் பிடிமானம் இன்னும் போகும்.

2004 டிசெம்பர் 26 சுமாத்திராவில் நடந்தது இன்னொரு விதம். பிளவு ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிழிந்தது, அலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கல்முனைக்கும் கல்லடிக்கும் வந்தது. பொதுவாகப் பள்ளத்தாழிக்குள் (ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் இறங்கும் கடலடிப் பள்ளம்) இறங்கும் வண்டல் நீர் செறிந்தது. அந்த நீர் உள்ளே போய் வெளியேறுவதால் கடலடிக்கு நெருங்கிய பகுதி பலமற்று இருக்கும், பெரிய கிழிவு அதுவரை வராது என்றுதான் ஆய்வாளர்கள் நினைத்திருந்தார்கள். 2016இல் ஜொய்டிஸ் ரெசலூஷன் என்ற ஆய்வுக் கப்பல் அங்கே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் துளைத்தது. இமயமலையிலிருந்து கங்கையும் பிரமபுத்திராவும் அரித்து அனுப்பிய வண்டல் அங்கே 4, 5 கிலோமீற்றர் தடிப்பு. அடியில் அது நன்றாகச் சூடாகியிருக்கிறது. நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் தம்முள் வைத்திருந்த நீரை, பிளவுக்குள் போகும் முன்பே விட்டுவிட்டன. ஆழத்தில் எடுத்த நீரில் உப்புக் குறைந்திருந்ததே தடயம். நீர் போனதால் வண்டல் இறுகியது, கடலடிக்கு அருகிலும் அழுத்தத்தைத் தாங்கிச் சேர்த்துவைக்க முடிந்தது. அந்த அழுத்தம் விடுபட்டபோது கிழிவு மேல்வரை வந்து கடலையே தூக்கியது. 2017இல் வெளியான அந்த ஆய்வு, தடித்த சூடான வண்டல் உள்ள வேறு இடங்களையும் கவனிக்கச் சொல்கிறது. அவற்றில் ஒன்று பாகிஸ்தான், ஈரான் கரைக்கு அப்பாலுள்ள மக்ரான். 1945இல் அங்கே ஒரு தடவை அலை எழுந்திருக்கிறது.