குட்டை பேரல் ரிவால்வரில் குறி ஏன் தப்புகிறது? எந்தத் தோட்டா பொருந்தும்?

இரண்டு அங்குல பேரல் (குழல்) உள்ள, .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டா போடும் ரிவால்வரில் ஏழு கெஜத்திலேயே குறி தப்புகிறது, தோட்டாவை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரியாகும். மீதி உங்கள் விரலில் இருக்கிறது.

நான் டெக்சாஸில் இருக்கிறேன். நான்கு வருடமாக ஸ்மித் அண்ட் வெசன் 642 வைத்திருக்கிறேன். ஐந்து தோட்டா, அலுமினிய உடல், எடை அரைக் கிலோகூட இல்லை. ஆனால் ட்ரிகரை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் விசை வேண்டும். துப்பாக்கியின் எடையைப் போலப் பத்து மடங்கு விசையை விரல் கொடுக்கும்போது துப்பாக்கி ஆடத்தான் செய்யும். குறி பார்க்கப் பேரல் மேல் இருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே பத்து சென்டிமீட்டர்கூட இல்லாததால், முன் குறி ஒரு மில்லிமீட்டர் விலகினாலே ஏழு கெஜத்தில் குண்டு ஆறு ஏழு சென்டிமீட்டர் தள்ளிப் படும். துப்பாக்கியை அசையாத தாங்கியில் பூட்டிச் சுட்டால் இதே குட்டை பேரலில் குண்டுகள் எல்லாம் அழகாக ஒரே இடத்தில் நெருங்கிப் படும்.

முதல் நாள் நான் சுட்டது 110 கிரெய்ன் பிளஸ் பி தோட்டா. கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு, பிளஸ் பி என்றால் வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் சுடும் பலத்த தோட்டா. எல்லாம் இலக்குக்குக் கீழேயே விழுந்தன. அங்கிருந்த பயிற்சியாளர் இரண்டு நல்ல தோட்டாவும் மூன்று சுட்ட காலிக் கூடும் கலந்து போட்டு, சிலிண்டரைச் சுழற்றி என் கையில் கொடுத்தார். காலிக் கூடு வந்தபோதெல்லாம் பேரல் முனை கீழே குனிந்தது. உதைக்கு (சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் விசைக்கு) பயந்து நானே அதை அழுத்திக்கொண்டிருந்தேன். இந்தச் சோதனையை அவசியம் செய்து பாருங்கள்.

இன்னொரு காரணம் குண்டின் எடை. கனமான குண்டு மெதுவாகப் போவதால் பேரலுக்குள் கொஞ்சம் அதிக நேரம் இருக்கும். அதற்குள் உதையில் முனை உயர்ந்துவிடும், அதனால் குண்டு மேலே படும். இலேசான வேகக் குண்டு கீழே படும். இந்த வகை ரிவால்வர்களில் குறியைத் திருத்த முடியாது, பெரும்பாலும் 158 கிரெய்னை ஒட்டித்தான் அமைத்திருப்பார்கள். ஆகவே இரண்டு மூன்று எடைகளைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்து, குறிக்கு நேராகப் படுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு 148 கிரெய்ன் வாட்கட்டர். இலக்குப் போட்டிக்காக வந்த தட்டை முகக் குண்டு. உதை குறைவு, காகிதத்தில் வட்டமாகத் துளை போடும். ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும் குண்டு) விரிய வேகம் வேண்டும், அந்த வேகம் குட்டை பேரலில் குறைந்துவிடும். வாட்கட்டருக்கு விரிய வேண்டிய தேவையே இல்லை. ஒரே குறை, முனை இல்லாததால் அவசரமாகச் சிலிண்டரில் போடும்போது தடுமாறும். ஹாலோ பாயிண்ட்தான் வேண்டுமென்றால், குட்டை பேரலுக்கென்றே செய்த 135 கிரெய்ன் ஸ்பியர் கோல்ட் டாட் வாங்குங்கள்.

அப்புறம், இவ்வளவு இலேசான துப்பாக்கியில் பலத்த தோட்டா போட்டால், சுடாத தோட்டாவின் குண்டு உதையில் கூட்டிலிருந்து முன்னே நழுவி சிலிண்டரையே சிக்க வைக்கலாம். புதிய வகை வாங்கினால் நான்கு சுட்டுவிட்டு ஐந்தாவதை வெளியே எடுங்கள். சுடாத இன்னொன்றின் பக்கத்தில் நிறுத்தி நீளத்தைப் பாருங்கள். நீண்டிருந்தால் அந்தப் பெட்டி இந்தத் துப்பாக்கிக்கு வேண்டாம்.