மேடைக்குத் தூக்கிப் போகிற அளவில் பேஸ் காம்போ ஆம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வியின் சாரம் இதுதான்: ட்ரம்ஸ், கீபோர்டு, இரண்டு பாடகர்கள் உள்ள குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறீர்கள். கல்யாண மண்டபம், சர்ச், ஹோட்டல் ஹால் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆட்டோவில் ஏற்றி, மாடிப்படியில் ஒரே ஆளாகத் தூக்கிப் போகும்படி ஒரு காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) வேண்டும். 40 வாட் போதுமா, 500 வாட் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாட்டுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உங்கள் பேஸ், ஹாலில் இருப்பவர் காதுக்கு எதன் வழியாகப் போகிறது? சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸருக்கு ஒரு லைன் கொடுத்து, அவருடைய பெட்டிகள் வழியாகப் போகிறது என்றால், காம்போ உங்களுக்கும் ட்ரம்மருக்கும் கேட்டால் போதும். 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கரும் 100 வாட்டும் அந்த வேலையைச் செய்துவிடும். மிக்ஸரில் பாட்டு மைக் மட்டும்தான், பேஸ் மேடையிலிருந்தே ஹாலை நிரப்ப வேண்டும் என்றால் 300 வாட்டுக்குக் கீழே யோசிக்க வேண்டாம். அதிலும் வெளியே இன்னொரு ஸ்பீக்கர் பெட்டி மாட்டும் வசதி இருக்க வேண்டும்.

வாட் எண்ணை நேர்க்கணக்காகப் பார்ப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். 40 வாட்டிலிருந்து 80 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு அது கொஞ்சம் கூடியதாக மட்டுமே தெரியும். சத்தம் இரண்டு மடங்கு என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். இன்னொரு பக்கம், ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்டுக்கு அது தரும் சத்தம்) 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் பாதி வாட்டிலேயே அதே சத்தம் வரும். ஸ்பீக்கர் கூம்பின் பரப்பையும் கணக்கில் எடுங்கள். 10 அங்குலத்துக்குச் சுமார் 350 சதுர சென்டிமீட்டர், 12 அங்குலத்துக்கு 530, 15 அங்குலத்துக்கு 850. இரண்டு 10 அங்குலம் சேர்ந்தால் 700. கீழ் ஸ்வரம் என்பது காற்றைத் தள்ளும் வேலை. 8 அங்குலக் கூம்பு எத்தனை வாட் கொடுத்தாலும் ட்ரம்ஸ் பக்கத்தில் திணறத்தான் செய்யும்.

நான்கு கம்பி பேஸின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பியின் பி 31 ஹெர்ட்ஸ். தூக்கிப் போகும் அளவுள்ள எந்தக் காம்போவும் 31 ஹெர்ட்ஸை முழு பலத்தில் தராது. 62, 93 ஹெர்ட்ஸில் வரும் மேல் சுரங்களைக் கேட்டு, அடிச் சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது. சின்னப் பெட்டியிலும் பேஸ் பேஸாகக் கேட்பதற்கு இதுவே காரணம். இது தெரியாமல் ஆம்பின் பேஸ் திருகை (கீழ் ஒலியைக் கூட்டும் நாப்) முழுக்கத் திருப்புகிறவர்கள் ஸ்பீக்கரைக் கொல்கிறார்கள். 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு நான்கு மடங்கு பவர் தேவை. 100 வாட் ஆம்ப் அங்கேயே மூச்சு முட்டி கிளிப் ஆகும், அதாவது ஒலி வெட்டுப்பட்டுக் கிழியும். கூம்பு தன் எல்லையைத் தாண்டி ஆடும், கூம்பை ஆட்டும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் சூடேறும். உங்கள் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லையா? பேஸைக் கொஞ்சம் குறைத்து, 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள மிட் பகுதியை ஏற்றுங்கள். விரல் கம்பியில் பட்டு எழும் உருவம் அங்கேதான் இருக்கிறது. 35, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் ஆம்பிலோ பெடலிலோ இருந்தால் பெரிய பாக்கியம்.

எடை குறைந்ததற்குக் காரணம் இரண்டு: பழைய இரும்பு டிரான்ஸ்பார்மருக்குப் பதில் வந்த கிளாஸ் டி ஆம்பும் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஸ்விட்ச் மோட் சப்ளையும் (எடை குறைந்த பவர் சப்ளை) ஒன்று, ஃபெரைட்டுக்குப் பதில் சில மாடல்களில் வந்த நியோடிமியம் காந்தம் இன்னொன்று. ஃபெண்டர் ரம்பிள் 100 ஒற்றை 12 அங்குலத்துடன் 10 கிலோ அளவில் நிற்கிறது. லைன் அவுட் உண்டு, ஆனால் வெளி ஸ்பீக்கர் மாட்ட வழியில்லை. ரம்பிள் 500-இல் இரண்டு 10 அங்குலம், 17 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்த 500 வாட், கூடவே 8 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு, பெட்டி கூடினால் மொத்தம் குறையும்) பெட்டி ஒன்றை மாட்டி மொத்தம் 4 ஓம் ஆனால்தான் வரும். தனியாக நிற்கும்போது 350 வாட்தான். மார்க்பேஸ் மினி சிஎம்டி 121 பி-யும் இப்படியே: தனியாக 300, கூடுதல் பெட்டியோடு 500, எடை 13 கிலோ அளவு. பெட்டிமேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்ததும் அது எத்தனை ஓமுக்கு என்று கேளுங்கள். 4 ஓம்தான் குறைந்த எல்லை என்று போட்டிருந்தால், 8 ஓம் காம்போவோடு 4 ஓம் பெட்டியைச் சேர்க்காதீர்கள். அது 2.7 ஓம் ஆகிவிடும், ஆம்ப் சூடாகி நிற்கும் அல்லது எரியும். அந்தப் பெட்டிக்குக் கிட்டார் கேபிளைப் போடுவதும் தவறு. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும், ஸ்பீக்கான் முனை (திருகிப் பூட்டும் பிளக்) இருந்தால் நல்லது.

பேட்டரியில் ஓடும் குட்டி காம்போக்கள் வீட்டு ஒத்திகைக்கும், கிட்டாரும் கஹோனும் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி) மட்டும் உள்ள சின்னக் கூட்டத்துக்கும் சரி. முழு ட்ரம்ஸ் இருந்தால் வேண்டாம்.

என்னைக் கேட்டால் வாட்டை விட எக்ஸ்எல்ஆர் டிஐ அவுட்டுக்கு (மிக்ஸருக்கு நேராக லைன் கொடுக்கும் மூன்று பின் சாக்கெட்) அதிக மதிப்புக் கொடுப்பேன். அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ப்ரீ (ஈக்யூ, அதாவது டோன் திருகுகளுக்கு முன்), போஸ்ட் (அவற்றுக்குப் பின்) என்று மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா? மேடையில் ப்ரீ-யில் வையுங்கள். போஸ்ட்டில் இருந்தால் உங்கள் காதுக்காக நீங்கள் மிட்டை ஏற்றும்போதெல்லாம் ஹாலில் கேட்கும் ஒலியும் மாறி, மிக்ஸரில் இருப்பவர் திண்டாடுவார். மாஸ்டர் வால்யூமைக் குறைத்தால் டிஐ-யும் குறைகிறதா? குறையக் கூடாது. கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கிறதா? ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு இடத்தில் கரண்ட் எடுக்கும்போது வரும் 'உம்ம்' இரைச்சலை அது நிறுத்தும். அந்த இரைச்சலுக்குப் பயந்து பிளக்கின் பெரிய எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டு வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆம்பில் கசிவு வந்தால் கம்பியில் கை, மைக்கில் உதடு, நடுவில் உங்கள் உடம்பு. உயிர் போகிற விஷயம் இது. மிக்ஸரில் 48 வோல்ட் ஃபேன்டம் (சில மைக்குகளுக்காக மிக்ஸர் அனுப்பும் மின்சாரம்) போட்டிருந்தால் உங்கள் லைனுக்கு அணைக்கச் சொல்லுங்கள். எல்லா டிஐ அவுட்டும் அதைத் தாங்கும்படி செய்யப்படவில்லை.

மண்டபங்களில் மின்சாரம் தனிக் கதை. சீரியல் செட்டும் டிம்மர் விளக்கும் ஓடும் லைனில் சொருகினால் அந்தக் கரகரப்பு ஆம்பிலும் கேட்கலாம். சவுண்ட் சர்வீஸ் எடுத்திருக்கும் லைனிலேயே ஒரு பிளக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்க லேபிளைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் கவலையில்லை. 120 மட்டும் என்றால் நம் 230-இல் போட்ட நொடியே போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் சேர்த்தால் தூக்கும் எடை கூடிவிடும், வாங்கிய நோக்கமே கெட்டுவிடும்.

மேடையில் வைக்கும் இடமும் ஆம்பின் பாதி. தரையில், சுவர் மூலையில் வைத்தால் கீழ் ஸ்வரங்கள் கூடும். சின்ன ஆம்புக்கு அது இலவச உதவி. ஆனால் பலகை அடித்த உள்கூடான மேடையில் 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை எங்காவது ஒரு ஸ்வரம் மட்டும் 'கும்'மென்று பெருத்துக் கத்தும். அப்போது காம்போவைப் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏற்றுங்கள், உருளாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உயர்ந்த அதிர்வெண்கள் நேர்க்கோட்டில் போவதால், தரையில் இருக்கும் பெட்டி உங்கள் முழங்காலுக்குத்தான் தெளிவாகப் பாடும். பின்னால் சாய்த்து வைத்தாலும் போதும். சில பெட்டிகள் சாய்த்து வைக்கும்படியே செய்யப்பட்டிருக்கின்றன, மேடைக்கு அவை மிகவும் உகந்தவை.

கடையில் சோதிக்கும்போது உங்கள் பேஸையே கொண்டுபோங்கள். ஈக்யூ திருகுகள் எல்லாம் நடுவில், எஃபெக்ட் எல்லாம் அணைத்து. ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரி உள்ளது) என்றால் சிக்னலைக் குறைக்கும் பேட் ஸ்விட்சை அழுத்தி, பலமாக அடிக்கும்போது கிளிப் விளக்கு எப்போதாவது மினுங்கும் வரை கெயினை (உள்ளே வரும் சிக்னலின் அளவு) ஏற்றுங்கள். பிறகு மாஸ்டரைப் பாதிக்கு மேல் கொண்டுபோய், திறந்த ஈ-யிலிருந்து ஏ வரை ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசியுங்கள். ஏதாவது ஒரு ஸ்வரத்தில் பெட்டி கடகடத்தால் ஸ்க்ரூவோ கிரில்லோ தளர்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்துவிடலாம். ஈ ஸ்வரமே 'பர்ர்' என்று கிழிந்தால் அந்த ஸ்பீக்கருக்கு அவ்வளவுதான் திறன். நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லியும் கேளுங்கள்.

பழையது வாங்கினால் கூம்பின் நடுவைச் சுற்றி விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். உரசல் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் கெட்டிருக்கிறது. திருகுகளைச் சுழற்றும்போது வரும் கரகரப்பு காண்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் போய்விடும், அதற்காக நல்ல ஆம்பை விட வேண்டாம். டிஐ அவுட்டை மட்டும் உண்மையான மிக்ஸரில் மாட்டிப் பாருங்கள், பலர் அதைச் சோதிப்பதே இல்லை. கிளாஸ் டி போர்டு பொடிப் பொடியான பாகங்கள் ஒட்டியது. தெருமுனை ரேடியோ மெக்கானிக் பழைய டிரான்ஸ்பார்மர் ஆம்பைத் திறந்து சரிசெய்வதுபோல இதைச் செய்வது கடினம், பெரும்பாலும் போர்டையே மாற்ற வேண்டிவரும். அதனால் இரண்டு மாடல்களுக்கு நடுவில் மனம் ஊசலாடினால், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எதற்குச் சர்வீஸும் மாற்றுப் போர்டும் கிடைக்கும் என்று கடையில் கேட்டு, அதை எடுங்கள்.