பெரிய ரயில் கம்பெனி பாதையை விற்கிறது. எங்கள் ஆலைக்கு வேகன் வருமா?

கேள்வி: அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு கால்நடைத் தீவன ஆலையில் கொள்முதல் பார்க்கிறேன். மாதம் 20 வேகன் சோயாப் புண்ணாக்கு ரயிலில்தான் வருகிறது. எங்கள் ஊர்க் கிளைப் பாதையை ஒரு சிறிய நிறுவனத்துக்கு விற்கப்போவதாகப் பெரிய ரயில் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. பாதையை மூடிவிடுவார்களோ? கட்டணம் ஏறுமா? ஆலைக்குள் இருக்கும் சைடிங்கை, அதாவது வேகன் நிறுத்தி இறக்கும் பக்கத் தண்டவாளத்தை, நீட்ட முதலாளி பணம் ஒதுக்கியிருக்கிறார். அதைச் செலவு செய்யலாமா, லாரிக்கு மாறிவிடலாமா?

பதில்: கடிதத்தில் ஒரு வழக்கு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரயில்பாதை விற்பனை, மூடல் இரண்டையும் வாஷிங்டனில் உள்ள தரைவழிப் போக்குவரத்து வாரியம்தான் கவனிக்கிறது. எஸ்.டி.பி. என்பார்கள். எண் ‘எஃப்.டி.’ என்று தொடங்கினால் அது விற்பனை அல்லது குத்தகை. ‘ஏ.பி.’ என்று தொடங்கினால் பாதையைக் கைவிடக் கேட்கும் மனு. உங்களுடையது எஃப்.டி. என்றால், பாதை மூடலுக்குப் பயந்து லாரி ஒப்பந்தம் எதிலும் இன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

தண்டவாளம் என்றாலே அரசாங்கச் சொத்து என்று ஊரில் பார்த்துப் பழகிய நமக்கு இந்த விற்பனை திகைப்பாக இருக்கும். அமெரிக்காவில் சரக்கு ரயில் நிறுவனங்களுக்குப் பாதையும் சொந்தம், அதன் பராமரிப்புச் செலவும் சொந்தம். 1980-க்கு முன் நஷ்டத்தில் ஓடும் கிளைப் பாதையை உதறுவது லேசில் நடக்காது. 1970-ல் பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில் நிறுவனம் திவாலானது. ராக் ஐலண்ட் என்ற இன்னொரு நிறுவனம் 1980 மார்ச்சில் அடியோடு நின்றுபோனது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டாகர்ஸ் சட்டம் வந்து கட்டுப்பாடுகள் தளர்ந்தன. பெரிய நிறுவனங்கள் கிளைப் பாதைகளைச் சிறியவர்களிடம் விற்பதும் குத்தகைக்கு விடுவதும் அதன் பிறகுதான் பெருகியது. இந்தச் சிறிய நிறுவனங்களைத்தான் ‘ஷார்ட் லைன்’ என்கிறார்கள். இன்று 600-க்கும் மேல் இருக்கின்றன.

விற்பவருக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. நூறு வேகனுக்கு மேல் கோத்த ஒரே ரயிலை ஓரிடத்தில் ஏற்றி இன்னோர் இடத்தில் இறக்கினால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். வாரம் ஐந்து வேகனுக்காக ஒரு எஞ்சினையும் ஆட்களையும் அனுப்புவது அவர் கணக்கில் சுமை. ஷார்ட் லைன்காரருக்கோ அந்த ஐந்து வேகன்தான் பிழைப்பு. காலையில் ஷண்டிங் செய்த அதே ஆள் மதியம் ஸ்லீப்பர் கட்டை மாற்றுவார். போன் செய்தால் எடுத்துப் பேசுவார். விற்பனைக்குப் பிறகு சேவை மேம்பட்டதாகச் சரக்குக்காரர்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம் இந்த நெருக்கம்தான் காரணமாக இருக்கும்.

விற்ற பாதை செத்துப்போகும் என்பதும் இல்லை. தெற்கு டகோட்டாவைப் பாருங்கள். சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் என்ற ரயில் நிறுவனம் வேண்டாம் என்று தள்ளிய பாதையை 1986-ல் டி.எம்.இ. என்ற புது நிறுவனம் வாங்கியது. 2008-ல் கனடியன் பசிபிக் என்ற பெரிய ரயில் நிறுவனம் அதைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. மறுபடி அதன் மேற்குப் பகுதியை, மினசோட்டாவின் ட்ரேசியிலிருந்து ராபிட் சிட்டி வழியாகச் செல்லும் ஏறத்தாழ 660 மைலை, ஜெனசி அண்ட் வயோமிங் நிறுவனத்துக்கு 21 கோடி டாலருக்கு விற்றது. 2014 ஜூனில் புதுப் பெயரில் வண்டிகள் ஓடின. 30 ஆண்டுக்குள் இத்தனை கை மாறியும் தானியமும் பென்டோனைட் களிமண்ணும் அதே பாதையில்தான் போகின்றன. அங்கே புது நிறுவனம் கனடியன் பசிபிக்குடன் மட்டுமல்ல, பி.என்.எஸ்.எஃப்., யூனியன் பசிபிக் என்ற மற்ற பெரிய நிறுவனங்களுடனும் வேகன் மாற்றிக்கொள்ள, அதாவது ஒருவர் ரயிலிலிருந்து மற்றவர் ரயிலுக்குக் கைமாற்ற, முடிந்தது. உங்கள் விஷயத்தில் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வசதியைத்தான்.

ஏனென்றால் பல விற்பனை ஒப்பந்தங்களில் ஒரு கண்ணி உண்டு. பாதையை விற்பவர், “வேகனை எங்களோடு மட்டும்தான் மாற்றிக்கொள்ள வேண்டும், போட்டி நிறுவனத்திடம் கொடுத்தால் அபராதம்” என்று எழுதி வாங்கிவிடுவார். இதற்குக் ‘காகிதத் தடுப்பு’ என்றே பெயர். தண்டவாளம் இரண்டு பெரிய நிறுவனங்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். உங்கள் புண்ணாக்கு ஒருவர் வழியாக மட்டுமே வரும். போட்டி இல்லாத இடத்தில் கட்டணம் யார் கையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இப்படி ஒரு நிபந்தனை இருந்தால் எஸ்.டி.பி.-க்குக் கொடுக்கும் அறிவிப்பில் அதைச் சொல்லியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த அறிவிப்பு வாரியத்தின் இணையதளத்தில் கிடைக்கும். இத்தகைய விற்பனைகள் பெரும்பாலும் அறிவிப்புக் கொடுத்த 30 நாளிலேயே நடைமுறைக்கு வந்துவிடும். நிறுத்திவைக்கக் கேட்பதானால் அதற்கு 7 நாள் முன்பாவது மனு போட வேண்டும். ஆகவே இந்த வாரமே படியுங்கள்.

அடுத்தது தண்டவாளம். சைடிங்குக்குள், பாதுகாப்பு அனுமதியோடு, தண்டவாளத்தின் பக்கவாட்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். எழுத்துகள் புடைத்துக்கொண்டிருக்கும். முதலில் வரும் எண் ஒரு கெஜத்துக்கு எத்தனை பவுண்டு என்பது: 90 அல்லது 115 என்று இருக்கலாம். கூடவே தயாரித்த ஆண்டும் இருக்கும். 90 பவுண்டு, 1920-கள் என்று தெரிந்தால் விற்கப்படும் பாதையிலும் அதே ரகம்தானா என்று கேட்க வேண்டும். இன்றைய வேகன்களின் மொத்த எடை 2,86,000 பவுண்டு. பழைய பாதைகளும் பாலங்களும் பலவற்றில் 2,63,000-தான் தாங்கும். வேகனுக்கு 23,000 பவுண்டு குறைத்து ஏற்றினால், பத்து வேகனில் ஒரு முழு வேகன் சரக்கு காணாமல் போகிறது. கட்டணமோ வேகனுக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள். சதவீதக் கட்டண உயர்வைவிட இந்த இழப்பு பெரிதாக இருக்கக்கூடும்.

வாங்குபவர் பாதையில் பணம் போடுவாரா என்பதற்கும் ஒரு பிடி இருக்கிறது. ஷார்ட் லைன்களுக்கு 45ஜி என்ற வரிச் சலுகை உண்டு. பராமரிப்புச் செலவில் 40 சதவீதம், மைலுக்கு 3,500 டாலர் வரை வரியில் கழித்துக்கொள்ளலாம். 2020 டிசம்பரில் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். “இந்தச் சலுகையை வைத்து எந்த மைலிலிருந்து எந்த மைல் வரை ஸ்லீப்பர் மாற்றப்போகிறீர்கள், எந்த ஆண்டு?” என்று கேளுங்கள். திட்டம் வைத்திருப்பவர் மைல் கல் எண்ணோடு பதில் சொல்வார்.

கட்டணம் பற்றி ஒரே கேள்வி: முழு விலையையும் பெரிய நிறுவனம் சொல்லி, ஷார்ட் லைனுக்கு வேகனுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறதா, அல்லது இருவரும் தனித்தனி பில் போடுகிறார்களா? இரண்டாவது முறைக்கு ரூல் 11 என்பார்கள். தனித்தனி என்றால் இரண்டு இடத்திலும் பேரம் பேச வேண்டும், டெமரேஜ் (வேகனை நேரத்தில் திருப்பாவிட்டால் கட்டும் தாமதக் கட்டணம்) நாள் எங்கே தொடங்குகிறது என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

விற்பனையா, குத்தகையா என்பதையும் பாருங்கள். மொன்டானாவில் 1987 முதல் குத்தகையில் ஓடிய பெரிய பாதையை 2024 தொடக்கத்தில் பி.என்.எஸ்.எஃப். திரும்ப எடுத்துக்கொண்டது. அது முக்கியப் பாதை, உங்களுடையது கிளை. இருந்தாலும் குத்தகை என்றால் அதன் காலத்தைத் தெரிந்துகொள்ளாமல் சைடிங்கில் பணம் போடக் கூடாது.

லாரிக்கு மாறுவது பற்றி: ஒரு வேகன் சரக்குக்கு மூன்று நான்கு லாரி வேண்டும். அதைவிட முக்கியம், ஒரு பாதையில் உள்ளூர்ச் சரக்கு 2 ஆண்டு போகாவிட்டால், அதை மூடச் சுருக்கமான வழி திறந்துவிடும். உங்கள் 20 வேகன்தான் இப்போது அந்த வழியை அடைத்து நிற்கிறது. லாரி கொஞ்சம் எடுத்தாலும் ரயிலை முழுதாக விடாதீர்கள்.

காகிதத் தடுப்பு இல்லை, பாதை 2,86,000 தாங்கும் அல்லது தாங்கவைக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள், வாரத்தில் எத்தனை நாள் வண்டி வரும் என்பது எழுத்தில் இருக்கிறது. இந்த மூன்றும் கையில் வந்தால் சைடிங்கை நீட்டுங்கள். ஒன்று குறைந்தாலும் ஆறு மாதம் பொறுங்கள். முதலாளியிடம் அந்தப் பணத்தை வேறெதற்கும் எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.