படக்கதையில் மறைக்கல்வி: எதைக் காட்டுவது, எதை விடுவது?

கேள்வி: எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்து வருகிறேன். பாடநூலைத் திறந்தாலே அவர்கள் சோர்ந்துவிடுவதால், இயேசுவின் வாழ்வையும் புனிதர் வரலாறுகளையும் சொல்லும் காமிக்ஸ் புத்தகங்களை வகுப்புக்குக் கொண்டுபோகத் தொடங்கினேன். “பொம்மை பார்த்துப் பழகிய பிள்ளை பிறகு விவிலியத்தைத் தொடுமா? இயேசுவும் ஸ்பைடர்மேனும் ஒன்றாகிவிடுவார்கள்” என்கிறார் மூத்த ஆசிரியர் ஒருவர். நான் தொடரலாமா?
– மறைக்கல்வி ஆசிரியை, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: தொடரலாம், சகோதரி. ஆனால் அந்த மூத்த ஆசிரியரின் அச்சத்தை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டாம். அதில் பாதி நியாயம் இருக்கிறது.

படம் காட்டி விசுவாசத்தைச் சொல்லித்தருவது திருச்சபைக்குப் புதிதன்று. கி.பி. 600 அளவில் மார்சேய் நகர ஆயர் செரேனுஸ், மக்கள் படங்களை வழிபடுகிறார்கள் என்று சினந்து அவற்றை உடைத்தபோது, திருத்தந்தை பெரிய கிரகோரியார் அவருக்குக் கடிதம் எழுதினார். படத்தை வழிபடுவதைத் தடுத்தது சரிதான், ஆனால் எழுத்தறியாதவர்கள் சுவரில் பார்த்தேனும் அறிந்துகொள்ளக்கூடியதை உடைத்திருக்கக் கூடாது என்பதே அவர் வாதம். காமிக்ஸ் பற்றிய தயக்கமும் ஆர்வமும் இப்படித்தான் அருகருகே இருந்து வந்திருக்கின்றன. 1940களின் இறுதியில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகள் சிலவற்றில் காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். அதே காலத்தில் கத்தோலிக்கப் பள்ளிகள் வழியாகவே ‘ட்ரெஷர் செஸ்ட்’ என்ற காமிக்ஸ் இதழ் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1946 முதல் 1972 வரை அது வெளிவந்தது. ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனமே 1982இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் வாழ்வையும் 1984இல் அன்னை தெரேசாவின் வாழ்வையும் காமிக்ஸாக்கியது. (உங்கள் மூத்த ஆசிரியரிடம் இதைச் சொன்னால் அவர் அச்சம் கூடுமா குறையுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.)

ஆகவே காமிக்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, அது எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல மாட்டாது என்பதையே நீங்கள் யோசிக்க வேண்டும். ஒருவர் நடந்தார், விழுந்தார், மன்னித்தார் என்று செயல்களால் ஆன கதையைப் படக்கதை மிக நன்றாகச் சொல்லும். உவமைகளும் புனிதர் வாழ்வும் அதற்கு ஏற்றவை. தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளையும், அப்பம் இயேசுவின் உடலாகும் நற்கருணையையும் அது கையாளத் தொடங்கினால் தடுமாறும். தாடி வைத்த முதியவர், இளைஞர், புறா என்று மூன்று உருவங்களைப் பார்த்த பிள்ளை மூன்று கடவுள் என்று எண்ணினால் குற்றம் பிள்ளையுடையதன்று. அப்பத்திலிருந்து ஒளிக்கதிர் பாய்வதைப் பார்த்த பிள்ளை அதை மந்திர வித்தை என்று எடுத்துக்கொண்டாலும் அப்படியே. அந்தப் பாடங்களுக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பீடத்தருகே அழைத்துச் சென்று நேரில் காட்டிப் பேசுங்கள்.

விவிலியத்தைத் தொடாமல் போய்விடுவார்கள் என்ற கவலைக்கு வகுப்பிலேயே மாற்று உண்டு. படக்கதையை வாசித்து முடித்ததும் அதற்குரிய பகுதியைத் திருவிவிலியத்தில் எடுத்து, ஓவியர் தாமாகச் சேர்த்தது எது என்று தேடச் சொல்லுங்கள். தமஸ்கு செல்லும் வழியில் சவுல் (பின்னாளில் திருத்தூதர் பவுல்) குதிரையிலிருந்து விழுவதாக வரைந்திருப்பார்கள். திருத்தூதர் பணிகள் 9ஆம் அதிகாரத்தில் அவர் தரையில் விழுகிறார், குதிரையே இல்லை. மத்தேயு 2ஆம் அதிகாரத்தில், குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகள் மூவர் என்ற எண்ணிக்கையும் அவர்கள் அரசர்கள் என்ற செய்தியும் இல்லை. யோனாவை விழுங்கியது திமிங்கிலம் என்று யோனா நூல் சொல்லவில்லை, பெரிய மீன் என்றுதான் சொல்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் பிழையைக் கண்டுபிடிப்பதைவிட இனிப்பானது வேறு இல்லை. அந்த ஆசையிலேயே அது வரி வரியாக விவிலியத்தை வாசித்துவிடும்.

இன்னொரு பயிற்சியும் உண்டு. எனக்கு இதுவே மிகவும் பிடித்தது. லூக்கா 15இல் ஊதாரி மகன் உவமை எப்படி முடிகிறது என்று பாருங்கள். இளையவன் திரும்பி வந்துவிட்டான், விருந்து நடக்கிறது, மூத்தவன் சினங்கொண்டு வெளியே நிற்கிறான், தந்தை வெளியே வந்து அவனிடம் கெஞ்சிப் பேசுகிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று இயேசு சொல்லவே இல்லை. கதையைக் கட்டங்களாகப் பிரித்து வரையச் சொல்லி, கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டு, மூத்தவன் என்ன செய்தான் என்று ஒவ்வொரு பிள்ளையும் தானே வரையட்டும். வீட்டில் தம்பியோடு சண்டை போட்டுவிட்டு வந்த பிள்ளை அந்தக் கட்டத்தில் என்ன வரைகிறது என்பதைக் கவனியுங்கள். அன்றைய ஒப்புரவுப் பாடத்துக்கு வேறு முன்னுரை தேவைப்படாது. யார் வரைந்தது சரி என்று தீர்ப்பு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது முகங்களைப் பாருங்கள். இயேசுவின் பாடுகளையும் இறப்பையும் சொல்லும் படக்கதைகளில் யூதர்கள் அனைவரையும் கொடிய முகத்தோடு வரைந்திருந்தால் அந்தப் புத்தகம் வேண்டாம். இயேசுவும் மரியாவும் திருத்தூதர்களும் யூதர்களே. இயேசுவின் இறப்புக்கு அன்று வாழ்ந்த யூதர் அனைவர் மீதும், இன்றைய யூதர் மீதும் பழி சுமத்தக் கூடாது என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாகவே கூறியிருக்கிறது. நல்லவர்கள் எல்லாரும் வெள்ளையாகவும் தீயவர்கள் எல்லாரும் கறுப்பாகவும் வரையப்பட்ட புத்தகத்துக்கும் இதே விதிதான். நம் பிள்ளைகள் கண்ணாடியில் பார்ப்பது எந்த நிறத்தை என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் மாவட்டத்தில் புனித தேவசகாயத்தின் கதையைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. நட்டாலத்தில் 1712இல் பிறந்து, 1745இல் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவராகி, 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரை 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். எருமை மீது ஏற்றி ஊர்வலம் விட்டதையும் அடித்ததையும் வரைவது ஓவியருக்கு எளிது, பிள்ளைகளும் அதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரையும் சமமாக நடத்தியதே பலருடைய வெறுப்பை அவருக்குத் தேடித் தந்தது என்ற செய்தி எத்தனை கட்டங்களில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். வரவில்லையென்றால் அந்தக் கட்டங்களைப் பிள்ளைகளையே வரையச் செய்யலாம். துன்புறுத்துபவர்கள் எல்லாரையும் நெற்றியில் திருநீற்றோடு காட்டும் படமென்றால் பக்கத்து வீட்டு மாமாவைப் பார்க்கும் பார்வையே பிள்ளைக்கு மாறிவிடக்கூடும். அதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

வெளியீட்டு உரிமம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மறைக்கல்விக்கான நூல்களை வெளியிட மறைமாவட்டத் தலைமையின் ஒப்புதல் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் 827இல் உள்ளது; ஆகவே கடையில் வாங்கும் புத்தகத்தின் முதல் பக்கங்களில் அந்த ஒப்புதல் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் வரைந்தவற்றைத் தொகுத்து அச்சிட்டுப் பங்கில் விற்க எண்ணினால் உங்களுக்கும் அது பொருந்தும். வகுப்புச் சுவரில் ஒட்டிவைப்பதற்கு அவ்வளவு தேவையில்லை, பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.